ஏர் ரைஃபிள்: குழலுக்குப் பின்னால் இருக்கும் பம்பைப் பார்த்து வாங்குங்கள்

ஏர் ரைஃபிள் பெட்டிகளில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது வேகம். விநாடிக்கு 1,000 அடி, 1,200 அடி, சிலவற்றில் அதற்கும் மேலே. வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியவற்றில் இந்த எண்ணுக்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன். எண் பொய் என்பதல்ல காரணம். பெரும்பாலும் ஈயத்தைவிட எடை குறைந்த உலோகக் கலவை பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளின் சிறு குண்டை, போட்டு அளந்த வேகம் அது. நீங்கள் தோட்டத்தில் போடப்போகும் ஈய பெல்லட் அதே துப்பாக்கியிலிருந்து கணிசமாக மெதுவாகத்தான் வெளியே வரும். வரட்டும், அதுதான் நல்லது.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலை கெட்டியாக இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், பின்பக்கம் குடைந்து விளிம்பு மெல்லியதாக விரிந்திருக்கும். பின்னாலிருந்து காற்று மோதும்போது அந்த மெல்லிய விளிம்பு இன்னும் கொஞ்சம் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. காற்று பக்கவாட்டில் கசிய வழியில்லை. குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகளைக் கவ்வி, சுழன்றுகொண்டே வெளியேறுவதும் அதனால்தான். வெளியே வந்தபின் அதே விளிம்பு காற்றில் இழுபட்டு, தலை எப்போதும் முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது.

இந்த வடிவம் ஒலியின் வேகத்துக்குக் கீழே பறப்பதற்கானது. 20 டிகிரி செல்சியஸில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,125 அடி வேகத்தில் போகும். அந்த எல்லையை நெருங்கினாலே பெல்லட்டைச் சுற்றி அதிர்வலைகள் உருவாகின்றன. எல்லையைத் தாண்டிப் போய், காற்றின் இழுப்பில் மறுபடி கீழே இறங்கும்போது பெல்லட் தள்ளாடத் தொடங்கும். குறி சிதறும். போதாக்குறைக்கு, ஒலியை முந்தும் எதுவும் சாட்டை சொடுக்குவதுபோல் ஒரு சத்தம் போடும். பெட்டியில் பெருமையாக எழுதிய வேகத்தால் கிடைப்பது சிதறிய குறியும் அக்கம்பக்கத்தாரின் கோபமும்தான்.

வேகத்தை விட்டுவிட்டு ஆற்றலைப் பாருங்கள். அதை ஜூல் என்ற அலகில் சொல்வார்கள். பெல்லட்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதன் ஆற்றல் கிடைக்கும். 0.52 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட் விநாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 15 ஜூல். 0.93 கிராம் எடையுள்ள 5.5 மி.மீ. பெல்லட் 180 மீட்டர் வேகத்தில் போனாலும் அதே 15 ஜூல்தான். சட்டங்கள் ஆற்றலைப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். பிரிட்டனின் பெரும்பகுதியில் உரிமம் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு எல்லை ஏறக்குறைய 16 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 20 ஜூல் ஆற்றலையும் 4.5 மி.மீ. விட்டத்தையும் கோடாகப் போட்டிருக்கின்றன. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

ஒரே ஆற்றல் என்றால் 4.5-க்கும் 5.5-க்கும் என்ன வேறுபாடு? பறக்கும் பாதைதான். சின்னது வேகமாகப் போவதால் குறைவாக விழும். ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, குழலுக்கு 4.5 செ.மீ. மேலே பொருத்தி, 25 மீட்டரில் குறி சரிசெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சின்ன பெல்லட் 35 மீட்டரில் குறிக்குச் சுமார் இரண்டரை செ.மீ. கீழே படும், பெரியது ஐந்து செ.மீ. கீழே. தூரத்தைக் கண்ணால் மட்டும் கணிப்பவருக்கு இது பெரிய விஷயம். பெரிய பெல்லட்டுக்கும் நியாயம் உண்டு: காற்றில் வேகத்தை மெதுவாக இழக்கும், பக்கக் காற்றுக்குக் கொஞ்சம் குறைவாக அசையும், படும் இடத்தில் அகலமான காயம் உண்டாக்கும். காகித இலக்கு மட்டும் போதும் என்பவருக்கு 4.5-ஐத் தாண்ட ஒரு காரணமும் இல்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி நடப்பதும் அதில்தான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்.

இனிதான் முக்கியமான கேள்வி: காற்றை அழுத்துவது எது, எப்போது?

ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்று சேமித்து வைக்கப்படுவதே இல்லை. குழலை மடக்கும்போது நீங்கள் சுருக்குவது ஒரு தடித்த சுருள் ஸ்பிரிங்கை மட்டும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் ஒரு கனத்த பிஸ்டனை முன்னே விரட்டுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் காற்று அந்தக் கணத்தில்தான் நசுங்குகிறது. சைக்கிள் பம்பு அடிக்கும்போது அதன் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதேதான், ஆனால் நொடியின் நூறில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள். வெப்பம் வெளியேற அவகாசமே இல்லை. காற்றின் அழுத்தம் 50 மடங்கானால், கணக்குப்படி வெப்பநிலை 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உண்மையில் உலோகம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், பெல்லட்டைத் தள்ளுவது சூடான காற்று என்பதில் ஐயமில்லை.

புதுத் துப்பாக்கி முதல் சில சுடுகளுக்குப் புகை கக்குவதும் படாரென்று வெடிப்பதும் இந்தச் சூட்டால்தான். தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் அந்த அறைக்குள் தீப்பற்றுகிறது. டீசல் எஞ்சின் வேலை செய்யும் அதே தத்துவம் என்பதால் இதை டீசலிங் என்றே சொல்கிறார்கள். சில சுடுகளில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் யாரோ காற்றுத் துளையில் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது பிஸ்டனின் சீல் வளையத்தையும் ஸ்பிரிங்கையும் தின்றுவிடும். பெல்லட் போடாமல் விசையை இழுப்பதும் அப்படித்தான். எதிரே தடையில்லாமல் காற்று ஓடிவிட, பிஸ்டனை மெத்தைபோல் தாங்க ஒன்றுமில்லை. அது சிலிண்டரின் சுவரில் போய் மோதும்.

ஸ்பிரிங் துப்பாக்கியின் உதைதான் அதை வாங்கியவர்களை முதல் மாதத்தில் பைத்தியமாக்குவது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். முன்னே அழுந்திய காற்றில் பிஸ்டன் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே தாவும். இரண்டு திசையிலும் உதை. இதில் வேடிக்கை என்னவென்றால், பெல்லட் கிளம்புவதே பிஸ்டன் தன் ஓட்டத்தை ஏறக்குறைய முடித்த பிறகுதான். பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி ஆடிக்கொண்டிருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் ஒரு மாதிரி ஆடும், மரக்கட்டையின் மேல் அழுத்தி வைத்தால் வேறு மாதிரி ஆடும். குறியும் அதோடு இடம் மாறும். தீர்வு எதிர்பாராதது: பிடிக்காமல் பிடிப்பது. முன்னால் இருக்கும் கையின் உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, தோளில் லேசாக ஒட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடவிட வேண்டும். சாதாரண ஸ்கோப் இந்த முன்னோக்கிய உதையில் உள்ளே கழன்றுவிடலாம். பெரிய வெடிமருந்துத் துப்பாக்கிக்காகச் செய்தது கூடப் பின்னோக்கிய உதையை மட்டுமே எதிர்பார்த்திருக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குவதற்கு இதுதான் காரணம். அதில் பக்கத்துத் தூரத்துக்கு, 10 மீட்டர் வரைக்குமாவது, தெளிவைச் சரிசெய்யும் வசதியும் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்திய நைட்ரஜன் அடைத்த உருளை வைத்த வகையும் உண்டு. அதிர்வும் உள்ளே கிணுகிணுக்கும் ஓசையும் குறையும், நெடுநேரம் மடக்கி வைத்தாலும் தளராது. மற்றபடி கதை அதேதான். எந்த வகையானாலும், குழலை மடக்கும் துப்பாக்கியில் பெல்லட் போடும்போது குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போடுங்கள். விசை தவறி விடுபட்டால் குழல் மேலே பாய்ந்து மூடும், நடுவில் இருக்கும் விரலைப் பற்றி அது கவலைப்படாது.

கார்பன் டை ஆக்சைடு வகையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 12 கிராம் சிறு குப்பிக்குள் வாயு திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 20 டிகிரியில் சுமார் 57 மடங்கு வளிமண்டல அழுத்தம், பூஜ்ஜியத்தில் சுமார் 35-தான். வேகமாகத் தொடர்ந்து சுட்டால் திரவம் ஆவியாகி ஆவியாகிக் குப்பியே குளிர்ந்துபோய், ஒவ்வொரு சுடும் முந்தியதைவிடத் தளரும். விளையாட்டுக்கு நன்று. எலி ஒழிக்கும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்கூட்டியே காற்றடைத்த வகையைப் பிசிபி என்பார்கள். புதுமை என்று நினைக்க வேண்டாம். ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவம் 1780-களிலேயே வைத்திருந்தது. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்த லூயிஸ், கிளார்க் பயணக் குழு 1803-இல் கிளம்பியபோது ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோனது. இன்றைய பிசிபியின் உருளையில் 200 முதல் 300 பார் வரை காற்று அடைபட்டிருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்தால் ஒரு சின்னச் சுத்தி வால்வைத் தட்டும், கண நேரம் திறக்கும், மூடும். கனத்த பிஸ்டன் எதுவும் ஓடாததால் உதை ஏறக்குறைய இல்லை. எப்படிப் பிடித்தாலும் குறி ஓரளவு மன்னிக்கும்.

உருளை நிறைய நிறைய வேகமும் கூடும் என்று தோன்றும். அப்படியல்ல. உள்ளே அழுத்தம் அதிகமாக இருந்தால் அதுவே வால்வை மூடிப் பிடித்துக்கொள்கிறது. சுத்தியால் போதிய நேரம் திறக்க முடியாமல் வேகம் குறைகிறது. அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, நடுவில் கொஞ்ச நேரம் சமமாக நின்று, பின் விழும். நடுவிலுள்ள அந்தச் சமதளத்தில்தான் குறி ஒரே இடத்தில் விழும். வால்வுக்குப் போகும் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் பொருத்தியவை அந்தச் சமதளத்தை நீட்டித் தருகின்றன.

பிசிபியின் விலை துப்பாக்கியோடு முடிவதில்லை. நிரப்பக் கைப்பம்போ சிலிண்டரோ வேண்டும். கைப்பம்பு நல்ல உடற்பயிற்சி. ஈரக் காற்றை உள்ளே ஏற்றித் துருப்பிடிக்க வைக்காதபடி வடிகட்டி வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எந்தச் சூழ்நிலையிலும் ஆக்சிஜன் நிரப்பக் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனோடு துளி கிரீஸ் சேர்ந்தாலும் உருளை வெடிக்கும்.

எனவே என் தீர்ப்பு இதுதான். வீட்டுத் தோட்டத்தில் 10, 15 மீட்டரில் காகிதத்தைச் சுட, 7 அல்லது 8 ஜூல் ஸ்பிரிங் துப்பாக்கி தாராளம். மடக்க எளிது, உதை குறைவு, அதனால் குறியும் நன்றாக இருக்கும். அதிக ஆற்றலுள்ள ஸ்பிரிங் துப்பாக்கியை முதல் துப்பாக்கியாக வாங்குவது வீண் வேலை. எலிக்கும் வேண்டும் என்றால் 12 முதல் 16 ஜூல் வரை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள், முடிந்தால் பிசிபி. வாங்கியதும் நாலைந்து வகை பெல்லட்டில் சிறிய டப்பாக்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டுப் பாருங்கள். ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு குழல்களுக்குக்கூட ஒரே பெல்லட் பிடிப்பதில்லை. தட்டைத் தலை பெல்லட் காகிதத்தில் வட்டமாகத் துளையிடும். 25 மீட்டருக்கு அப்பால் உருண்டைத் தலையே மேல்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை இலக்கை வைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகக் கூடியது. வேலித் தட்டி தடுக்காது. மண்மேடு, அல்லது பெல்லட் கீழ்நோக்கித் திரும்பும்படி சாய்த்த இரும்புத் தகடு வைத்த பெட்டி வேண்டும். உருண்டையான எஃகு ரவைகள் கெட்டியான பரப்பில் பட்டால் வந்த வழியே திரும்பும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. மரக்கிளையை நோக்கி மேலே சுடுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது.

எலிப் பிரச்சினைக்கு ஏர் ரைஃபிள் முதல் மருந்து அல்ல. பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு வரை. இந்தக் கணக்கைத் துப்பாக்கியால் முந்த முடியாது. தானியத்தை மூடி, துளைகளை அடைத்த பின் மிஞ்சும் ஒன்றிரண்டுக்குத்தான் அது உதவும். எந்த உயிரினத்தைச் சுடலாம் என்பதிலும் சட்டம் உண்டு. பல பறவைகளும் அணில்களும் பாதுகாக்கப்பட்டவை. சுடும்போது ஆற்றல் கொல்வதில்லை, இடம்தான் கொல்கிறது. எலியின் தலையில் சரியான பகுதி இரண்டரை செ.மீ. நாணயத்தைவிடப் பெரிதல்ல. ஐந்து பெல்லட்டும் அந்த வட்டத்துக்குள் விழும் அதிகபட்சத் தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. அதைத் தாண்டினால் விலங்கு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ துடிக்கும். ஈய பெல்லட் பட்டுச் செத்ததைத் திறந்த வெளியில் விட்டால், தின்னும் கழுகுக்கும் பூனைக்கும் ஈயம் போய்ச் சேரும். எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

பக்கத்தில் வந்த எலியைத் தவறவிடுவது இன்னும் எளிது. ஸ்கோப் குழலுக்கு மேலே இருக்கிறது, பெல்லட் கீழிருந்து ஏறி வருகிறது. 4.5 செ.மீ. உயரத்தில் ஸ்கோப் வைத்து 25 மீட்டரில் சரிசெய்த அதே 4.5 மி.மீ. துப்பாக்கியில், 15 முதல் 25 மீட்டர் வரை குறிக்கும் படும் இடத்துக்கும் வித்தியாசம் அரை செ.மீ.கூட வராது. 10 மீட்டரில் ஒரு செ.மீ. கீழே, 5 மீட்டரில் இரண்டரை செ.மீ. கீழே. தலையைப் பார்த்துச் சுட்டால் தாடையில் படும். ஐந்து ஐந்து மீட்டராக நகர்ந்து காகிதத்தில் சுட்டு, எந்தத் தூரத்தில் எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கியின் கட்டையிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.