‘அறியேன்’ என்று அவர் கைவிரித்தால்

கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணோடு உறவு வைத்துவிட்டு, ‘அவளை எனக்குத் தெரியவே தெரியாது’ என்று சத்தியம் செய்தான். ஊரவை விஷயம் அறிந்த சாட்சிகளை விசாரித்தது. பொய் வெளிப்பட்டதும் அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டியது. அகநானூற்றின் 256ஆம் பாட்டில் வருகிற வழக்கு இது. குடும்பநல நீதிமன்றத்தில் இன்றும் எதிர்த்தரப்பின் முதல் வாதம் பெரும்பாலும் அந்த ‘அறியேன்’தான்.

‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்கிறது தொல்காப்பியம். செய்ததை மறைப்பதும், செய்த பிறகு நழுவுவதும் பெருகியதால் ‘கரணம்’ என்ற திருமணச் சடங்கு வந்தது. உறவு மூத்தது, சடங்கு இளையது. பெற்றோர் கொடுக்காமல் உடன்போனவர்களுக்கும் கரணம் உண்டு என்று அதே நூல் சொல்கிறது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது: உளுந்து கலந்த குழைசோறு, மணல் பரப்பிய பந்தல், விளக்கு, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டுவது. தாலியும் இல்லை, தீவலமும் இல்லை. ‘நம் பண்பாட்டிலேயே இதெல்லாம் கிடையாது’ என்று ஓடிப்போன ஜோடியைத் திட்டுகிறவர்கள் எந்தப் பண்பாட்டைச் சொல்கிறார்களோ!

ஊர் என்ன நினைக்கிறது என்பது ஒரு பக்கம். ‘இந்த உறவு இருந்தது’ என்பதை நாளை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள் என்பதுதான் சட்டத்தின் கேள்வி.

சுயமரியாதைத் திருமணத்தில் இருந்து தொடங்கலாம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது மோதிரம் போடுவது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும். ஊர் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்த திருமணம் செல்லாது என்ற 2014ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதோடு போயிற்று.

இவ்வளவு எளிதாக இருப்பதே சிலருக்கு வினையாகிறது. கோயில் வாசலில் தாலி, செல்போனில் நாலு படம், சாட்சிக்கு வந்த நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில். மூன்று வருடம் கழித்து அவர்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அன்றைக்கே சாட்சிகளின் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். கோயிலில் பணம் கட்டியிருந்தால் ரசீதும் வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும். அதேசமயம் திருமணமே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைப்பதும் வீண். சடங்கு நடக்காத இந்துத் திருமணத்தைப் பதிவுச் சான்று திருமணமாக்கிவிடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

7ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு மட்டும்தான். மதம் வேறு, மாறவும் விருப்பமில்லை என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இருவரில் ஒருவராவது அந்தப் பதிவு அலுவலக எல்லையில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருந்து, பிறகு மூன்று சாட்சிகளோடு போக வேண்டும். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதால் வீட்டுக்குத் தகவல் போய்விடும். அதற்குத் தயாராக இருங்கள். யாராவது ஆட்சேபணை சொன்னால் அது வயது, ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, விலக்கப்பட்ட உறவுமுறை, மனநிலை போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் நிற்கும். ‘எங்களுக்கு இஷ்டமில்லை’ என்பது ஆட்சேபணை ஆகாது.

‘பொண்ணைக் காணவில்லை’ என்று வீட்டார் புகார் கொடுத்தால் முதலில் கேட்கப்படுவது வயது. பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை ஊரை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண் 18 வயதுக்குக் குறைவு என்றால் காதல், சம்மதம் எதுவும் உதவாது. வழக்கு போக்சோவில் (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) போய் நிற்கும்.

இனி, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது. இது குற்றமல்ல. நடிகை குஷ்பு மீதான வழக்குகளை 2010இல் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஆனால் குற்றமில்லை என்பதாலேயே உரிமை வந்துவிடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் ‘திருமணத்தின் தன்மையுள்ள உறவு’க்கும் பாதுகாப்பு தருகிறது. எது அந்த உறவு? கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது: வெளியுலகுக்குக் கணவன் மனைவிபோல் தெரிய வேண்டும், திருமண வயது இருக்க வேண்டும், இருவரும் சட்டப்படி மணக்கத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் சேர்ந்திருப்பது கணக்கில் வராது.

ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும், மருத்துவமனைப் படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் எழுதியதும், குழந்தையின் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயரும், சேர்ந்த வங்கிக் கணக்கும்தான் உங்கள் ஆயுதம். ரகசியமாக வாழ்ந்தவர்கள் தோற்பது இங்கேதான். வாட்ஸ்அப் உரையாடலைப் படம்பிடித்து அச்செடுத்தால் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்து நின்றால் வேலை சிக்கலாகும். ‘சேர்ந்து வாழ்கிறோம்’ என்று நோட்டரியிடம் எழுதிய ஒப்பந்தம் திருமணம் ஆகாது. சேர்ந்து வாழ்ந்ததற்கு ஒரு துண்டுச் சான்று, அவ்வளவே.

அதிகம் ஏமாறுவது இரண்டாம் தாரமாகப் போகிறவர்கள். ‘முதல் சம்சாரத்தைத் தீர்த்து விட்டாச்சு’ என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய விடுதலைக் காகிதத்தைக் காட்டுவார்கள். அந்தச் சமூகத்தில் வழக்கப்படி மணமுறிவு உண்டு என்று நிரூபித்தால் தவிர, அந்தக் காகிதம் விவாகரத்து அல்ல. நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள், தராவிட்டால் விலகிவிடுங்கள். தெரிந்தே மணமானவரோடு வாழ்ந்த பெண்ணுக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் கைகொடுக்கவில்லை (உச்ச நீதிமன்றம், 2013). முதல் மணத்தை மறைத்து ஏமாற்றியிருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று அதே ஆண்டில் வேறொரு தீர்ப்பு. பிள்ளைகள் நிலை இதைவிட மேல்: செல்லாத மணத்தில் பிறந்தவர்களுக்கும் பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அந்தப் பெற்றோருக்கு வரும் பாகமும் இதில் சேரும் என்று 2023 செப்டம்பரில் முடிவாயிற்று.

ஒரே பால் இணையருக்குத் திருமண உரிமை இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு. திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த ஆட்கொணர்வு வழக்கு அது. இவர்கள் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கியது.

ஆனால் வங்கியில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசு அல்ல. மணமாகாத துணைக்கு வாரிசுரிமைச் சட்டத்தில் இடமே இல்லை. அதனால் உயில் கட்டாயம்: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, சாட்சிகள் பயன்பெறுபவராக இல்லாதிருப்பது நல்லது, பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். பி.எஃப். பணத்துக்கு இன்னொரு கண்ணி உண்டு. சட்டம் ‘குடும்பம்’ என்று கருதுகிறவர்கள் இருக்கும்போது வெளியாளை நாமினியாகப் போட்டால் செல்லாது. கல்யாணம் ஆனதும் பழைய நாமினேஷன் தானாகக் காலாவதியாகும். புதிதாகப் போட மறந்தவர்களின் மனைவிமார் பி.எஃப். அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடையாய் நடக்கிறார்கள்.