முழங்கால் ஜவ்வு கிழிந்தவருக்கு மெரினா வேண்டாம், வீட்டு நடைபாதை போதும்

வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையன்கள், காசிமேட்டின் ஈரத்தரையில் வழுக்கியவர்கள், பைக்கோடு சாய்ந்தவர்கள் என்று முழங்கால் ஜவ்வு கிழிந்து என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்கள் பலவகை. வலி சற்றுத் தணிந்ததும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: "தினமும் எவ்வளவு தூரம் நடக்கலாம் சார்?"

தூரம் இருக்கட்டும், முதலில் எப்படி நடக்கிறீர்கள் என்று காட்டுங்கள் என்பேன். மூட்டில் நீர் கோத்தால் தொடையின் முன்தசை சரியாக வேலை செய்யாது. முட்டியை மடக்கியபடி, நுனிக்காலில் விந்தி நடக்கப் பழகிவிடுவார்கள். அப்படியே மெரினாவுக்குப் போய் இரண்டு கிலோமீட்டர் நடந்தால், விந்தலுக்குத்தான் பயிற்சி.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தன வீடுகளில் வாசலிலிருந்து பின்கட்டு வரை போகும் நடைபாதை இருக்கிறதே, அது போதும். காலை ஊன்ற மருத்துவர் அனுமதித்த பிறகு, பக்கத்தில் சுவர் இருக்க, மெதுவாக நடங்கள். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும்; அப்போது முட்டி நேராக இருக்க வேண்டும்; கடைசியில் பெருவிரல் தள்ள வேண்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. திரும்பும்போது பாதத்தை ஊன்றிக்கொண்டு உடம்பை முறுக்காதீர்கள். ஜவ்வு பெரும்பாலும் கிழிவதே அந்த முறுக்கலில்தான். சின்னச் சின்ன எட்டு வைத்துத் திரும்புங்கள். தண்ணீர் குடங்கள் வரிசை கட்டும் நேரத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஊன்றுகோலை அடிபட்ட காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். அநேகமாக எல்லோரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

நடை அளவுக்கு மீறிவிட்டதா என்பதை மறுநாள் காலை முட்டியே சொல்லும். இரண்டு முட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முட்டிச் சில்லின் இருபுறமும் உள்ள பள்ளம் முந்தைய நாளைவிட மேவியிருந்தால் அன்று நடையைப் பாதியாக்குங்கள்.

வீட்டில் அன்பாகச் செய்யும் இரண்டு காரியங்கள் எனக்குப் பெரிய தொல்லை. ஒன்று, முட்டிக்கு அடியில் தலையணை. படுக்கச் சுகம்தான், ஆனால் முட்டி மடங்கியே இறுகிவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். இன்னொன்று, வீங்கிய மூட்டில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது. புதிய காயத்தில் அது வீக்கத்தைக் கூட்டும்.

உட்பக்க ஜவ்வு பெரும்பாலும் அறுவை இல்லாமலே ஆறும். மூட்டுக்குள்ளே குறுக்காக ஓடும் முன்ஜவ்வு, அதாவது ஏசிஎல், முழுதாக அறுந்தால் கதை வேறு. புது ஜவ்வு பொருத்தியவர்கள் வலி போய்விட்டது என்று ஆறாம் மாதமே பூட்ஸ் கட்டுகிறார்கள். ஒன்பது மாதமாவது ஆகட்டும். அதன்பிறகும் தொடை வலுவைச் சோதித்த பின்தான் மைதானம்.

முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால், நடக்கும்போது அடிக்கடி நழுவினால், காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்; அதற்கும் மருத்துவரைப் பாருங்கள். கூடவே மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.