பழைய படகு எஞ்சின் கிளம்பவில்லையா? முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள்

பாய்மரப் படகை நகர்த்துவது காற்று. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று விழுந்த பிறகு கரை சேரவும் உள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின் வேண்டும். 1980-களில் கட்டிய ஐரோப்பிய, அமெரிக்கப் படகுகள் பலவற்றில் ஜப்பானின் யான்மார் நிறுவனத்தின் 2ஜிஎம் வகை எஞ்சின் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு சிலிண்டர், 20 குதிரைத்திறனுக்குள் அடங்கும் சக்தி. நன்றாக உழைக்கும் எஞ்சின்தான். ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒரு நாள் மக்கர் செய்யும். அப்போது யாராக இருந்தாலும் சாவியை மறுபடி மறுபடி திருகத்தான் கை போகும். கார் என்றால் பேட்டரி இறங்கும், அவ்வளவுதான். படகில் அதே பழக்கம் எஞ்சினையே உடைத்துவிடக்கூடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் சுமார் 23-இல் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கிய வேகத்தில் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இந்த வகை எஞ்சினில் குளிரில் உதவும் ஹீட்டர் பிளக்கும் இல்லை. ஆகவே சுழலும் வேகம்தான் எல்லாம். மெதுவாகச் சுற்றினால், பிறந்த சூடு குளிர்ந்த இரும்புக்குள் இறங்கிவிடும். தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் காற்றும் கசிந்துவிடும்.

மெதுவாகச் சுற்றுகிறது என்றால் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். கடலில் பெரும்பாலும் குற்றவாளி ஒயரின் முனை. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். உப்புக் காற்றில் டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறி, வெறும் 0.02 ஓம் தடை உண்டானாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது பெரிய இழப்பு. அந்த 3 வோல்ட் 450 வாட் வெப்பமாக மாறுவதால், கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். சில விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. சரி, அப்போது பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடுதான் போதவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. எஞ்சினை நிறுத்தும் கம்பி இழுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அனுபவசாலிகளும் தவறவிடும் இடம் அது. கம்பி சரியாக இருந்தால், டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்க 150 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் வேண்டும். டீசல் எளிதில் நெருங்காது, அதனால் பம்ப் தள்ளிய தள்ளல் அப்படியே போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் தள்ளும்போது குமிழி சுருங்கும், விட்டதும் விரியும். இன்ஜெக்டர் திறக்கவே திறக்காது.

காற்று வருவதற்குப் பெரும்பாலும் பில்டரே காரணம். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால், டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். துறைமுகத்தில் கிடக்கும் வரை அந்தக் கசடு அடியிலேயே இருக்கும். கடலில் அலை குலுக்கியதும் கலங்கி வந்து பில்டரை அடைக்கும். பம்ப் இன்னும் பலமாக உறிஞ்ச, தளர்ந்த ஏதோ ஒரு இணைப்பு வழியே காற்று நுழையும். பில்டரை மாற்றி, மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, பம்பின் கைநெம்புகோலை அடித்தால் முதலில் நுரை வரும், பிறகு தெளிந்த டீசல் வரும். நெம்புகோல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பம்பை இயக்கும் கேம் உச்சியில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்று கையால் நகர்த்தினால் பிடிப்பு வந்துவிடும்.

இப்போது சாவி விஷயம். படகு எஞ்சினைக் குளிர்விப்பது கடல்நீர். ஒரு ரப்பர் பம்ப் அதை உள்ளே இழுக்கிறது. வேலை முடிந்த நீர் புகைக்குழாயில் சேர்ந்து சைலன்சருக்குள் விழும். அங்கிருந்து அதை மேலே தூக்கி வெளியே எறிவது எஞ்சினின் புகைதான். எஞ்சின் பற்றாமல் செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் பம்ப் நீரை இழுத்தபடி இருக்கும், தூக்கி எறியப் புகை இருக்காது. சைலன்சர் நிறைந்து, நீர் குழாயில் ஏறி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

எவ்வளவு நீர் இறங்கினால் ஆபத்து? இந்த வகையின் 2ஜிஎம்20 மாடலில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 318 கன சென்டிமீட்டர். 23-இல் ஒரு பங்காக நெருக்கினால், பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடம் 15 மில்லிலிட்டருக்கும் குறைவு. ஒரு வேளை இருமல் மருந்து அளவு தண்ணீர் போதும், பிஸ்டன் நின்றுவிடும். அப்போது கேட்கும் சத்தம் ஒரே ஒரு "டொக்". பேட்டரி இறங்கினாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். பேட்டரி டவுன் என்று நினைத்து இன்னொன்றை இணைத்து மறுபடி அடித்தால், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அதனால் இரண்டு மூன்று முயற்சியில் கிளம்பவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுத்தான் தொடர வேண்டும். எஞ்சின் பற்றிய உடனே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் பம்ப் கருகிவிடும். நீர் ஏற்கெனவே புகுந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் வால்வை மூடி, சைலன்சரை வடித்து, சிலிண்டரின் நெருக்கத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். லீவர் சிலிண்டரின் வால்வைத் திறந்தே வைத்திருப்பதால் நீர் அந்த வழியே வெளியேறும். அப்புறம் ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் உப்புநீர் கீழேயும் இறங்கிவிட்டது. ஆயிலை மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி மாற்ற வேண்டும். வெளுப்பு நிற்கும் வரை இதையே செய்ய வேண்டும், அன்றைக்கே செய்ய வேண்டும். உப்புநீர் பட்ட சிலிண்டரில் துரு பிடிக்க ஒரு ராத்திரி போதும்.