ஒரே வாங்கில் இருந்தால் போதுமா?

யாழ்ப்பாணத்தில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருந்து படிப்பதற்கே ஒரு காலத்தில் போராட வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்திய பள்ளிக்கூடங்களில் சமாசனம், அதாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான இருக்கை, வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசு சொன்னபோது, பொறுக்காதவர்கள் சில பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர்கள் சமாசனத்தின் பக்கம் உறுதியாக நின்றார்கள். அந்த உரிமை வந்தது மிகப் பெரிய விஷயம். ஆனால் பக்கத்தில் இருத்திவிட்டால் மனதில் உள்ள விலகல் தானாகக் கரைந்துவிடுமா?

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரிப் 22 சிறுவர்களை ஒரு கோடைகால முகாமில் சேர்த்து இரண்டு அணிகளாகப் பிரித்தார். எல்லோரும் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்படியிருந்தும் போட்டிகள் தொடங்கிய சில நாட்களிலேயே பகை மூண்டது. சரி, சேர்ந்து சாப்பிட்டால் தணியும் என்று ஒரே இடத்தில் சாப்பாடு போட்டார்கள். பையன்கள் சாப்பாட்டை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். அப்புறம் முகாமுக்கு வரும் தண்ணீரை நிறுத்தினார்கள். இரண்டு அணியும் சேர்ந்து தேடினால்தான் தண்ணீர். இப்படிச் சில வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகே பகை குறைந்தது. அதே ஆண்டில் இன்னொரு உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், ஆட்களுக்கு இடையிலான தொடர்பு முற்சாய்வை, அதாவது அறியாமலே ஒருவர்மேல் வைக்கும் தப்பெண்ணத்தை, குறைக்க நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு.

இந்த நான்கையும் ஒரு பாடவேளைக்குள் கொண்டுவந்தவர் உளவியலாளர் எலியட் அரன்சன். 1971இல் டெக்சாஸின் ஒஸ்டின் நகரில் வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டை வெடித்தது. அரன்சனும் அவருடைய பல்கலைக்கழக மாணவர்களும் வகுப்பில் இருந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், பல கைகள் உயர்கின்றன, ஒருவருக்கு வாய்ப்பு, மற்றவர்கள் முகம் வாடுகிறது. அந்த ஒருவர் பிழையாகச் சொன்னால் மற்றவர்களுக்குச் சந்தோஷம். எங்கள் வகுப்பறைகளிலும் ரியூட்டரிகளிலும் தினமும் நடப்பது இதுதான். அரன்சன் இதற்கு மாற்றாக உருவாக்கிய முறைக்குப் பெயர் ஜிக்சோ வகுப்பறை. துண்டுகளைப் பொருத்திப் படத்தை முழுமையாக்கும் ஜிக்சோ புதிரைப் போல, இதில் பாடத்தின் துண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிள்ளையிடம் இருக்கும்.

எங்கள் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பாடமாக வைத்துப் பார்க்கலாம். ஐந்து பேர் ஒரு குழு. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் விதம் ஒருவருக்கு. நன்னீர் உப்புநீரின்மேல் நிற்பது இன்னொருவருக்கு, இதற்கு நிலாவரைக் கிணறு நல்ல உதாரணம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராவது, தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்குள் சேர்வது, குளங்களைத் தூர்வாருவது என்று மற்ற மூவருக்கும் ஒவ்வொரு பகுதி. ஒருவரின் பகுதி மற்றவரிடம் இருக்காது. முதலில் எல்லாக் குழுக்களிலும் ஒரே பகுதியை வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி அதை அலசிப் படிப்பார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிப்பார்கள். கடைசியில் சோதனை, முழுப் பாடத்திலும், தனித்தனியாக.

உப்புநீர்ப் பகுதி கையில் இருப்பவள் ஒரு முஸ்லிம் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். அவர்களில் ஏராளமானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஒரு முஸ்லிம் வகுப்புத்தோழர்கூட இல்லாமல் வளர்ந்து பெரியவர்களானார்கள். அப்படி வெளியேறிப் பிறகு திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை இவள், மெதுவாகத்தான் பேசுகிறாள். மற்றவர்கள் சிரித்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள், சோதனையில் நட்டம் அவர்களுக்கு. அதனால் சிரிப்பதை விட்டுக் கேட்கப் பழகுகிறார்கள்: “ஒருக்காத் திருப்பிச் சொல்லு, உப்புத்தண்ணி ஏன் கீழ நிக்குது?” கேள்வி சரியாக வந்தால் பதிலும் வருகிறது. இவளுக்கு விஷயம் தெரியும் என்று அவர்கள் கண்டுகொள்கிறார்கள், அவளுக்கும் தன்மேல் நம்பிக்கை வருகிறது. இன்னொன்றும் நடக்கிறது. ஒருவருக்கு உதவும்போது, உதவியவர் மனதிலேயே அவர்மேல் விருப்பம் கூடுகிறது, செய்கைக்கு ஏற்ப மனம் தன்னைத் திருத்திக்கொள்வதால். இந்தச் சின்ன மாற்றத்தில்தான் முறையின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். மதத்தையோ சாதியையோ பற்றி அங்கே யாரும் உபதேசம் செய்யவில்லை.

வெறும் குழுவேலை இதைச் செய்யாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் எலிசபெத் கோகன் காட்டியது போல, வகுப்பில் ஏற்கெனவே மதிப்புள்ள பிள்ளைதான் குழுவிலும் கூடப் பேசும், மற்றவர்களும் அதன் சொல்லையே சரியென்று எடுப்பார்கள். பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே மறுபடி அரங்கேறும். ஆளுக்கொரு பகுதி என்று பிரிப்பது அதைத் தடுக்கத்தான்.

புள்ளி குறையுமோ என்று பெற்றோர் பயப்படுவது நியாயம், புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் பிள்ளைகளை நெருக்குகின்றன. ஒஸ்டினில் நடந்த ஆரம்ப ஆய்வில் சிறுபான்மைப் பிள்ளைகளின் பெறுபேறு உயர்ந்தது, வெள்ளையினப் பிள்ளைகளுடையது குறையவில்லை. ஆனால் எல்லா ஆய்வுகளிலும் விளைவு அவ்வளவு பலமாக வரவில்லை. வகுப்பறைக்கு வெளியிலும் எல்லையைக் காட்டும் ஆய்வு இருக்கிறது. ஈராக்கில் கிறிஸ்தவ, முஸ்லிம் இளைஞர்களை ஒரே உதைபந்தாட்ட அணிகளில் ஆடவைத்த சல்மா மூசாவின் 2020 ஆய்வில், கூட ஆடியவர்களோடு நட்பு வளர்ந்தது, வெளியில் உள்ள அந்நியர்களிடம் அது பெரிதாகப் பரவவில்லை. ஆகவே ஒரு தவணை செய்துவிட்டு ஊரே மாறும் என்று காத்திருக்க முடியாது. தரம் 6 முதல் ஆண்டுதோறும் தொடர வேண்டும், ஒரு குழுவைச் சில வாரங்களாவது கலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

குழுக்களை ஆசிரியரே பிரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் ஒரே ஊர், ஒரே ரியூட்டரி, ஒரே கோயில் என்றுதான் சேர்வார்கள்.