ஹை டைட் டைம்லயே கரண்டும் (நீரோட்டம்) நின்னுடும்னு பிளான் போடாதீங்க

பிரேசில் போற பல்க் கேரியர்ல (தாது மாதிரி சரக்க மொத்தமா ஏத்துற கப்பல்) புதுசா செகண்ட் மேட் ஆகி பாஸேஜ் பிளான், அதாவது பயணத் திட்டம், போடுற தம்பிங்களுக்குதான் இது. கராஜாஸ் சுரங்கத்து இரும்புத்தாது ஏத்துற பொன்டா டா மடெய்ரா டெர்மினல், பக்கத்துல இட்டாக்கி துறைமுகம், ரெண்டுமே சாவோ லூயிஸ்ல சாவோ மார்கோஸ் விரிகுடாவுலதான் இருக்கு, அங்க அமாவாசை பௌர்ணமிய ஒட்டி தண்ணி 6 மீட்டர் வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் ஏறி இறங்கும், கரண்டும் அதுக்கேத்த மாதிரி இழுக்கும்.

பெர்த்திங் (கப்பல ஜெட்டில கொண்டுபோய் கட்டுறது) பத்தி பேசும்போது அங்க "எஸ்டோஃபு"னு ஒரு வார்த்தை வரும். இங்கிலீஷ்ல தண்ணி மட்டம் ஏறாம இறங்காம நிக்கிறது "ஸ்டாண்ட்", நீரோட்டம் ஓயுறது "ஸ்லாக் வாட்டர்", ரெண்டும் வேற வேற. போர்ச்சுகீஸ்ல பேச்சுவழக்குல ரெண்டுக்குமே எஸ்டோஃபுதான். ஏஜென்ட் அத மெயில்ல "ஹை டைட்"னு மாத்திப் போட்டா நம்மாளு உடனே டைட் டேபிள எடுத்து "ப்ரேயமார்" (போர்ச்சுகீஸ்ல ஹை டைட்) நேரத்தப் பாத்து எழுதிடுவான், ஆனா டேபிள்ல இருக்கறது மட்டம் மட்டும்தானே, கரண்ட் எப்ப நிக்கும்னு அதுல எங்க இருக்கு?

முட்டுச்சந்து மாதிரி மூடின விரிகுடாவா இருந்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வரும். டைட் அலை தடையில்லாம ஓடுற இடத்துலயோ ஹை டைட் சமயத்துலதான் கரண்ட் உச்சத்துல இருக்கும். நிஜத்துல முக்காவாசி துறைமுகம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான். அதனால பைலட் (கப்பல துறைமுகத்துக்குள்ள கொண்டுபோக வழிகாட்டுற உள்ளூர் ஆள்) ஏறினதும் "மட்டமா, கரண்டா?"ன்னு நேரா கேளுங்க, கூச்சமே வேண்டாம். பிரேசில் கடற்படையோட நீரியல் பிரிவு இந்த விரிகுடாவுக்குன்னே டைடல் கரண்ட் சார்ட் போட்டிருக்கு, அத வாங்கி வெச்சுக்கோங்க. டேபிள்ல போட்டிருக்கறது உள்ளூர் நேரமா, கப்பல் கடிகாரமும் அதுலதான் ஓடுதான்னும் பாத்துக்கோங்க.

கப்பல ஜெட்டில கட்டினப்புறமும் சும்மா இருக்க முடியாது. பன்னிரண்டுல ஒரு பங்கு கணக்குப்படி (ஆறு மணிநேர ஏற்றத்த 12 பங்காக்கி மணிக்கு 1, 2, 3, 3, 2, 1னு பிரிக்கறது) 6 மீட்டர் டைட்னா முதல் மணிநேரம் அரை மீட்டர்தான் ஏறும், மூணாவது நாலாவது மணிநேரத்துல ஒவ்வொண்ணுலயும் ஒன்றரை மீட்டர் (இது தோராயம்தான், எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது). அந்த ரெண்டு மணிநேரம் ஸ்பிரிங் லைன் (கப்பல் முன்னபின்ன நகராம பிடிக்கிற கயிறு) விண்ணுனு இறுகும், கேங்வே (ஏறி இறங்குற படி) ஜெட்டிய விட்டு மேல தூக்கிக்கும், அதனால டெக்ல ஆள் இருந்தே ஆகணும், டீ குடிக்கப் போறதெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிச்சுக்கச் சொல்லிடுங்க.