ஹேர் சீரத்தில் இருக்கும் டி5: தோலுக்குச் சாது, தீயிலும் தரையிலும் அப்படியில்லை

ஹேர் சீரம், மேக்கப் பிரைமர், ரோல்-ஆன் டியோடரண்ட் போன்றவற்றின் லேபிளில் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று இருந்தால் அதுதான் டி5. நிறமோ மணமோ சொல்லும்படி இல்லாத நீர்த்த திரவம். விரலில் தேய்த்தால் வழுக்கும், சற்று நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வீட்டிலேயே சீரம் தயாரித்து விற்பவர்கள் இதை லிட்டர் கணக்கில் வாங்கி, தோலில் பூசுகிற பொருள்தானே என்று அடுப்படி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தோலைப் பொறுத்தவரை அவர்கள் நினைப்பது பெரும்பாலும் சரிதான். இடையூறு வரும் இடங்கள் வேறு.

ஐந்து சிலிக்கான் அணுக்களும் ஐந்து ஆக்சிஜன் அணுக்களும் மாறி மாறி அமைந்த வளையம் இது, சிலிக்கோன் இனத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு சிலிக்கானிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுப்பதில்லை. அதனால்தான் மூலக்கூறு எடை 371 இருந்தும், கொதிநிலை 210 டிகிரி செல்சியஸ் இருந்தும், அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். டி5-க்குச் சுமார் 160 போதும். சானிடைசர் பூசியதுபோல் கை சில்லிடாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

தோலுக்குள் நுழைவது மிக மிகச் சொற்பம், பெரும்பகுதி காற்றில் போய்விடும். ‘சிலிக்கோன் தோலை மூச்சுவிட விடாது’ என்ற பயம் வீண். தோல் மூச்சுவிடுவதில்லை, டி5 அங்கே தங்குவதுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, அழகுசாதனங்களில் அப்போது புழக்கத்தில் இருந்த அளவுகளில் டி5 பாதுகாப்பானது என்றது. ஆனால் தலைமுடிக்கான ஏரோசால் ஸ்பிரேயையும் வெயில் தடுப்பு ஸ்பிரேயையும் அந்த நற்சான்றிலிருந்து விலக்கி வைத்தது. எலிகளை இரண்டு ஆண்டுகள் இதன் ஆவியைச் சுவாசிக்க வைத்த ஆய்வில், மிக உயர்ந்த அளவான 160 பிபிஎம்-இல் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 160 பங்கு) பெண் எலிகளின் கருப்பையில் கட்டிகள் தென்பட்டன. அது மனிதருக்கும் பொருந்துமா என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். சீரத்தை மிஸ்ட் பாட்டிலில் அடைக்காமல் சொட்டுப் பம்பில் கொடுப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஹேர் ஸ்ட்ரெயிட்னர் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிகள் பலவும் டி5-இன் கொதிநிலையான 210 டிகிரியை எட்டக்கூடியவை. ஈரம் காயாத சீரத்தின்மேல் சூட்டுத் தகட்டை இழுத்தால் இருந்ததெல்லாம் ஒரே வீச்சில் மூக்கருகே ஆவியாகும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட அளவீடுகளும் இதையே காட்டின. முதலில் நேராக்கி, முடி ஆறியபின் சீரம் பூசுங்கள். குளியலறையில் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

தீ விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டி5-இன் தீப்பற்றுநிலை 75 டிகிரியை ஒட்டியது. கேனில் இருக்கும்வரை அறை வெப்பத்தில் எளிதில் பற்றாது. அதே திரவம் பஞ்சிலோ துணியிலோ முடியிலோ ஊறினால் கதை மாறிவிடும். ஒவ்வொரு இழையும் விளக்குத் திரி போலாகி, மெல்லிய படலம் நொடியில் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் கலந்த பேன் மருந்தைத் தலையில் தடவிக்கொண்டு நெருப்பருகே போனவர்களுக்குத் தீக்காயம் ஏற்பட்டதால், பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கை விடுத்தது. அதில் சில மருந்துகளின் கரைப்பான் டி5-தான். சீரம் பூசிய கையோடு கேஸ் அடுப்பின்மேல் குனிவதும், விரித்த முடியோடு கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிடுவதும் வேண்டாம். எரிந்தால் வெளிவரும் வெள்ளைப் புகையில் நுண்ணிய சிலிக்கா துகள் இருக்கும். தீயே இல்லாமல், 150 டிகிரிக்குமேல் காற்றுபடச் சூடாக்கினாலும் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு உருவாகும்.

கலப்பதற்குச் சூடே தேவையில்லை. 100 கிராம் சீரத்துக்கு 39.5 கிராம் டைமெத்திகோனால் (dimethiconol) என்ற கெட்டியான சிலிக்கோன் ஜெல்லை முதலில் எடுத்து, 60 கிராம் டி5-ஐச் சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டியால் மெதுவாகக் கிளற வேண்டும். கடைசியில் அரை கிராம் வாசனை. பிளெண்டர் போட்டால் உள்ளே மாட்டிய குமிழிகள் வெளியேற மணிக்கணக்காகும். மில்லி கணக்கில் அளக்காதீர்கள், இதன் அடர்த்தி 0.96, எடையே சரி. விளக்கெண்ணெய் சேர்த்தால் தனியாகப் பிரிந்து நிற்கும். கிளிசரினும் கற்றாழை ஜெல்லும் அப்படியே. டைபுரொப்பிலின் கிளைக்காலில் கரைத்த வாசனை என்றால் சீரம் கலங்கும். சிலிக்கோன் ஸ்பாட்டுலாவோ வாஷரோ வேண்டாம், இனம் இனத்தோடு சேரும். ரப்பர் டி5-ஐ உறிஞ்சி ஊதிவிடும். எஃகுக் கரண்டியும் டெஃப்லான் வாஷரும் நல்லது. மூடியில்லாமல் ஓரிரவு விட்டால் டி5 பறந்து, காலையில் சீரம் கெட்டியாகியிருக்கும்.

தரையில் சிந்தினால் எது சிந்தியது என்று பாருங்கள். தனி டி5 சில மணி நேரத்தில் ஆவியாகும். டைமெத்திகோனால் ஜெல் கலந்த சீரம் போகவே போகாது. கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவி, செருப்படியில் ஒட்டிக்கொண்டு அடுத்த அறையின் டைல்ஸ் வரை வழுக்க வைக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பரவத்தான் செய்யும். அருகிலுள்ள அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் விட்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் அலச வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பீப்பாயிலிருந்து பம்ப் செய்யும் ஆலைகளில் இன்னும் இரண்டு தொல்லைகள். டி5 மின்சாரத்தைக் கடத்தாது. வேகமாக ஓடும்போது நிலைமின்னூட்டம் சேரும். பீப்பாய், குழாய், வாங்கும் கலன் மூன்றையும் எர்த் செய்தே ஊற்ற வேண்டும். அடுத்தது வாயுக் கசிவுக் கருவி. வினையூக்கி மணி (catalytic bead) வகை சென்சாரில் இதன் ஆவி சிலிக்காவாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். வாயு கசிந்தாலும் அலாரம் அடிக்காது. அகச்சிவப்பு வகை சென்சார்தான் இங்கே உதவும்.

வாங்கும்போது சைக்ளோமெதிகோன் என்ற பொதுப்பெயரோடு திருப்தியடைய வேண்டாம். அது டி4, டி5, டி6 எதன் கலவையாகவும் இருக்கலாம். டி4-இல் நான்கு சிலிக்கான், டி6-இல் ஆறு, மற்றபடி இதே வகை வளையங்கள்தான். டி4 கருவளத்தைப் பாதிக்கக்கூடியதாக ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, அழகுசாதனங்களில் 2019-இல் தடை செய்யப்பட்டது. பகுப்பாய்வுச் சான்றிதழில் டி4 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். சிஏஎஸ் எண் (வேதிப்பொருளின் பதிவு எண்) 541-02-6 என்றிருப்பது மட்டும் தூய்மைக்குச் சான்றாகாது.

மீந்ததைச் சிங்க்கில் ஊற்றக்கூடாது. டி5 நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. சாக்கடைக் கசடில் ஒட்டிக்கொள்ளும். கசடிலிருந்து எடுக்கும் உயிரி எரிவாயுவோடு (பயோகேஸ்) டி5-உம் கிளம்பி, எஞ்சினில் எரிந்து, சிலிண்டருக்குள் கண்ணாடி போன்ற சிலிக்காப் படிவாகும். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி மாதிரியான கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த வாயுவில் மின்சாரம் எடுப்பவை. கழுவிவிடும் அழகுசாதனங்களில் டி4, டி5 இரண்டையும் 0.1 சதவீதத்துக்குள் ஐரோப்பா 2020-இலேயே அடக்கிவிட்டது. பூசி அப்படியே விடும் சீரம், கிரீம்களுக்கும் அந்த வரம்பு 2027 ஜூனிலிருந்து வருகிறது. அங்கே ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள் எளிதில் ஆவியாகும் ஐசோடோடெக்கேனையோ, தாவர எண்ணெயிலிருந்து பெறும் இலகு ஆல்கேன்களையோ இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஐசோடோடெக்கேனின் தீப்பற்றுநிலை டி5-ஐவிடக் கீழே என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு.