சுவர் கறுத்தவுடன் பெயின்ட் வாங்கப் போகாதீர்கள்

மொரீஷியஸின் நடுமேட்டில் இருக்கும் வாக்வா ஊரில் ஒரு வீட்டில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களைப் பார்வையிட்டுப் பழுது கண்டறியும் வேலைக்கு நான் வந்த புதிது. படுக்கையறையின் மேல்மூலையில் பூசணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. மேலே கான்கிரீட் தளம், வெளியே மூன்று நாளாக விடாத தூறல். தளம்தான் ஒழுகுகிறது என்று ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டேன். தளத்தின்மேல் நீர் இறங்காதபடி ஒட்டியிருந்த பழைய தார்ப்படலத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒட்டச் சொன்னேன். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்த பணத்தில் கைவைத்து அந்தக் குடும்பம் அதைச் செய்தது. அடுத்த ஆகஸ்டில் அதே மூலையில் அதே கறுப்பு.

இரண்டாம் முறை போனபோதுதான் துணி அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். அதன் முதுகுப் பலகை நமுத்த அப்பளமாகியிருந்தது; விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. சுவரில் அலமாரியின் அளவுக்கே நீள்சதுரமாகப் பூசணம். அடித்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பட்டுப் புடவையை அந்த வீட்டுப் பாட்டி பிரித்துக் காட்டினார். மடிப்போரம் முழுவதும் திருநீறு தூவியதுபோல வெண்பொடி. "காவடிக்கு உடுத்துகிற புடவை, தம்பி" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. என்னாலும் எதுவும் சொல்ல முடியவில்லை. தளத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்த அறைக்கு வந்திருக்கவில்லை. அங்கே உறங்கியவர்களின் மூச்சும், அடுக்களை ஆவியும், அறைக்குள் கட்டிய கொடியில் உலர்ந்த துணிகளும்தான் அந்தச் சுவரை நனைத்திருந்தன.

அன்றிலிருந்து, சுவரில் ஓதம், அதாவது ஈரம், என்று யார் அழைத்தாலும், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியும்வரை ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்கச் சொல்வதில்லை.

மொரீஷியஸின் நடுமேட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? மேட்டு நகரமான கியூர்பிப் கிட்டத்தட்ட 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து மேட்டில் ஏறி, குளிர்ந்து, தூறலாக இறக்கிவைக்கிறது. அதே காற்று கடலோரத் தலைநகரான போர்ட் லூயி பக்கம் சரியும்போது காய்ந்துவிடுகிறது. கியூர்பிப்பில் குடையோடு மெட்ரோவில் ஏறி, போர்ட் லூயியில் வெயிலில் இறங்காதவர்கள் நம்மில் யார்? இதனால்தான் ஒரே வரைபடத்தில், ஒரே கொத்தனார் கட்டிய இரண்டு வீடுகளில் கீழே இருப்பது நன்றாக இருக்க, மேட்டில் இருப்பது கறுத்துப்போகிறது.

கட்டும் முறை மாறியதும் ஒரு காரணம். 1960 ஜனவரியில் ஆலிக்ஸ் புயல், பிப்ரவரி இறுதியில் கரோல் புயல். மரப்பலகையும் தகரமுமாக இருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் போயின. அதன் பிறகு இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. அந்த மாற்றம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலகை வீட்டில் இடுக்கெல்லாம் காற்று புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. கான்கிரீட் வீட்டில் நாம் திறந்துவிட்டால்தான் காற்று. அலுமினிய ஜன்னலை இறுக மூடிவிட்டால் அது ஒரு டப்பா.

இன்னொன்று திசை. தமிழ்நாட்டு வழக்கப்படி தெற்குச் சுவரில் வெயில் படும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது. தெற்குச் சுவர் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயிலைப் பார்ப்பதே இல்லை. மழைக்காற்று அடிப்பதும் பெரும்பாலும் தெற்கும் கிழக்கும் சேர்ந்த பக்கத்தில்தான். அந்தச் சுவரில்தான் நாம் அலமாரியை ஒட்டி வைக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அறையில் சுமார் 29 கன மீட்டர் காற்று இருக்கும். 18 டிகிரியில் அந்தக் காற்றால் ஏறத்தாழ 450 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். குளிர்கால இரவில், நாம் படுக்கும்போதே அதில் பெரும்பகுதி நிரம்பியிருக்கும். உறங்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு 40 கிராம் அளவுக்கு விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: அரை லிட்டருக்கு மேல். கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் அது எங்கே போகும்? வீட்டிலேயே குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய்ப் படியும். முதலில் ஜன்னல் கண்ணாடி, அடுத்து அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர்.

கேஸ் அடுப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. சோறு கொதிக்கும் ஆவி கண்ணுக்குத் தெரிகிறது. கேஸ் எரிவதாலேயே தண்ணீர் உண்டாவது தெரிவதில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று அதிகமாக நீராவி பிறக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் 12 கிலோ சிலிண்டர் தீரும்போது சுமார் 19 லிட்டர் தண்ணீரை அது அடுக்களைக் காற்றில் கலந்துவிட்டிருக்கும். வாக்வா வீட்டில், பின்பக்கம் ஒரு அறையை நீட்டிக் கட்டியபோது அடுக்களை ஜன்னலை அடைத்துவிட்டிருந்தார்கள். ஆவிக்குப் படுக்கையறையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

உங்கள் வீட்டில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஈரமாகத் தெரியும் இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். அடுக்களையில் இருக்கும் அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே இரண்டு நோய், இரண்டு மருந்து.

ஈரம் எப்போது வருகிறது என்பதையும் குறித்துவையுங்கள். நான் போனவுடன் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மழை தொடங்கிய சிறிது நேரத்தில் கறை விரிந்தால் விரிசலோ ஜன்னல் ஓரமோ நேராக ஒழுகுகிறது. மழை நின்று ஒரு நாள் கழித்துச் சொட்டினால் தளத்தில் தேங்கிய நீர் கான்கிரீட்டுக்குள் ஊறி இறங்குகிறது. மழையோ வெயிலோ, எப்போதும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் குழாய்: இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரை எழுதிவைத்து, காலையில் மறுபடி பாருங்கள். குளிர்கால விடியலில் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் மூச்சும் சமையலும்தான்.

அறைக் காற்றின் ஈரத்துக்கு மருந்து மலிவானது. ஆனால் தினமும் செய்ய வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். முடிந்தால் உட்சுவருக்கு மாற்றிவிடுங்கள். காலையில் எதிரெதிராக இருக்கும் இரண்டு ஜன்னல்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் அகலத் திறங்கள். தூறும் நாளில் திறக்கலாமா என்று கேட்பார்கள். திறக்கலாம்: 15 டிகிரியில் இருக்கும் வெளிக்காற்று நனைந்ததாகத் தோன்றினாலும் அதில் இருக்கும் நீரின் அளவு குறைவு; உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அது கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். பிப்ரவரியில் இதற்கு நேர் எதிர். புயல் நெருங்கும் நாட்களில் புழுக்கமான காற்றை உள்ளே விட்டால் தரை டைல் வியர்த்து வழுக்கும். அப்போது கீழ்த்தள ஜன்னல்களை மூடிவையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி மாட்டினால் ஊகிக்க வேண்டியதே இல்லை. அது 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 75, 80 என்று நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும்.

துணியை அறைக்குள் உலர்த்துவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். மெஷின் பிழிந்து தந்த பிறகும் ஒரு முறை துவைத்த துணியில் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. முன்வாசல் கூரைக்குக் கீழே கட்டினால் இரண்டு நாள் ஆகும்தான். ஆகட்டும்.

இனி மேல்தளம். இங்கே எல்லாரும் 'தால்' என்கிறோம். தால் வார்க்கும் நாள் நம் குடும்பங்களில் ஒரு விசேஷம். உறவினரும் நண்பரும் கூடி உழைத்து, கூடிச் சாப்பிட்டுக் கலைகிறோம். பின்னால் மகன் மேலே ஒரு வீடு எடுத்துக்கொள்வான் என்று தூண் கம்பிகளை நீட்டி விட்டுவைக்கிறோம். நான் பார்த்த ஒழுகல்களில் கணிசமானவை அந்தக் கம்பிகளின் அடியில் தொடங்கியவை. கம்பி துருப்பிடித்து, அதை ஒட்டி நீர் தூணுக்குள்ளேயே இறங்குகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது வீங்கிக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. 2001இல் தடை வரும்வரை கடற்கழிகளிலிருந்து எடுத்த பவள மணலால் கட்டிய வீடுகள் ஏராளம். அந்த மணலில் உப்பு தங்கியிருந்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கூரையிலிருந்து பாளமாகக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது பூச்சு வேலைக்காரரைக் கூப்பிடும் விஷயம் அல்ல. அந்த அறையில் யாரையும் படுக்கவிடாமல், ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மேல்மாடி எழும்ப இன்னும் பல ஆண்டுகள் ஆகுமென்றால், கம்பிகளின் துருவைத் தேய்த்து எடுத்து, துருத்தடுப்புப் பூசி, மெலிந்த சிமென்ட் கலவையால் மூடி, அதன்மேல் தார்ப்படலத்தைச் சுற்றி ஏற்றி ஒட்டச் சொல்லுங்கள். தளத்துக்கு வடிகுழாயை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும். சோலார் ஹீட்டரின் கால்களைப் படலத்தைத் துளைத்துப் பொருத்துவதை நானே பலமுறை தடுத்திருக்கிறேன். புயல் பருவம் தொடங்கும் முன், நவம்பரில், ஒருமுறை மேலே ஏறி வடிகுழாய் வாயில் கிடக்கும் இலைகளை அள்ளுங்கள்.

சுவரின் அடியில், இடுப்பளவுக்குக் கீழே, பூச்சு பொரிந்து வெள்ளை உப்புப் பூத்தால் நிலத்து நீர் ஏறுகிறது. முற்றத்தில் டைல் மேல் டைலாகப் போட்டுத் தரைமட்டம் உயர்ந்திருக்கும். அல்லது பூச்செடிக்காக மண்ணைச் சுவரோடு குவித்திருப்பார்கள். மண்ணை வெட்டி எடுத்து, வெளித்தரை உள்தரையைவிட ஒரு சாணாவது கீழே இருக்கும்படி செய்யுங்கள். பாதி வீடுகளில் அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

பூசணத்தை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். வித்துகள் பறந்து வீடெங்கும் இறங்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிளீச்சிங் திரவத்தை அமிலத்தோடோ அம்மோனியா உள்ள கழுவு திரவத்தோடோ கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் கூடுதலாக இருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி விரிவாகச் சொல்கிறது. இரவில் இருமும் குழந்தை இருந்தால் அதன் கட்டிலை முதலில் வெளிச்சுவரிலிருந்து நகர்த்துங்கள். பூசணம் பிடித்த மெத்தையைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

வாக்வா வீட்டில் அடைத்த அடுக்களை ஜன்னலுக்குப் பதிலாக ஆவியை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றைப் பொருத்தினோம். அலமாரி உட்சுவருக்குப் போனது. பாட்டி அந்தப் பட்டுப் புடவையைப் போர்ட் லூயியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பி, மொட்டை மாடியில் மென்மையான துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தச் சொன்னார். வெண்பொடி போய்விட்டது. கரையோரத்தில் ஒரு பழுப்புத் தடம் மட்டும் போகவில்லை. தைப்பூசத்தன்று அந்த ஓரத்தை உள்மடிப்பில் வைத்து உடுத்தியிருந்தார்.